புள்ளிகள் மறைந்துவிட்டன, நோய் போயிற்றா?

ஜூன் 3, மாலை

வாசகர் ஒருவர் கேட்டது: "என் கடல்மீன் தொட்டியில் இருக்கும் டேங் மீனின் உடலெங்கும் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. பூண்டுச் சாற்றில் ஊறவைத்த உணவை மூன்று நாள் கொடுத்தேன். இன்று காலை ஒரு புள்ளிகூட இல்லை. இவ்வளவு எளிதான வழி இருக்கும்போது எல்லாரும் காப்பர், ஃபார்மலின் போன்ற மருந்துகள் என்று எதற்காக அலைகிறார்கள்?"

ஜூன் 3, இரவு

பூண்டு கொடுக்காமல் இருந்திருந்தாலும் அந்தப் புள்ளிகள் இன்று மறைந்திருக்கும் என்பதே என் பதில். வெண்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒருசெல் உயிரி, மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து 3 முதல் 7 நாள் வரை தின்று பருக்கிறது. நாம் காணும் புள்ளி அதுதான். பருத்த பிறகு அது தானாகவே மீனை விட்டு இறங்கி, மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொள்கிறது. அந்த உறைக்குள் அது பலவாகப் பிரிந்து, ஓர் உறையிலிருந்து இருநூறு வரை குஞ்சுகள் நீந்தி வெளியேறி மறுபடியும் மீனைத் தேடுகின்றன. இறங்குவதும் வெளியேறுவதும் பெரும்பாலும் இருட்டில் நடப்பதால், இரவு நிறைந்திருந்த புள்ளிகள் காலையில் காணாமல் போவது இந்த நோயின் வழக்கமே ஆகும்.

ஆகவே மீன் சுத்தமாகத் தெரியும் இன்றைய நாளில்தான் உங்கள் மணல் நிறைந்திருக்கிறது. ஒரு வாரம், பத்து நாள் பொறுத்துப் பாருங்கள்.

ஜூன் 4

நேற்று எழுதியதை இன்று படித்தபோது என் அவசரம் எனக்கே உறுத்தியது. ஒரு படத்தைக்கூடப் பார்க்காமல் அது வெண்புள்ளி நோய் என்று முடிவு கட்டிவிட்டேன். மீனின் மேல் வெள்ளையாக எதைக் கண்டாலும் அதே பெயரைச் சொல்லும் பழக்கம் என்னை விட்டு இன்னும் போகவில்லை.

உப்புப் பரல் அளவில், தனித்தனியாக எண்ணக்கூடிய புள்ளிகள் என்றால் வெண்புள்ளி நோயாக இருக்கலாம். எண்ண முடியாதபடி நுண்ணிய மாவு படிந்ததுபோல், சாய்ந்த வெளிச்சத்தில் சற்றே பொன்னிறமாகத் தெரிந்தால் அது வெல்வெட் நோய். அதன் காரணி அமைலூடினியம் ஒசெல்லேட்டம். புள்ளியாக இல்லாமல் கோழை ஏடு ஏடாக உரிந்தால் புரூக்லினெல்லா என்ற இன்னொரு ஒருசெல் உயிரி என்று ஐயப்பட வேண்டும். துடுப்பின் ஓரத்தில் காலிஃபிளவர் பூப்போல முண்டு முண்டாக, வாரக்கணக்கில் இடம் மாறாமல் நின்றால் அது லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ் நோய். இவற்றைத் தவிர வெறும் மணலும் காற்றுக் குமிழியும் உண்டு. மணல் துகளுக்கு வைத்தியம் பார்த்த பெருமை எனக்கும் இருக்கிறது.

முதல் இரண்டையும் அறிவியல் உலகுக்கு விவரித்துப் பெயரிட்டவர் பிரவுன் என்ற ஒரே ஆய்வாளர்தான்; வெல்வெட்டை 1931இலும் வெண்புள்ளியை 1951இலும் விவரித்தார். அவர் இருபது ஆண்டு இடைவெளியில் பிரித்து வைத்ததை நாம் ஒரே பெயரில் குழப்பிக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 6

படம் வந்தது. மீன் அழகாக இருக்கிறது. படத்திலிருந்து அதற்குமேல் எதுவும் சொல்ல முடியவில்லை. அசையும் படம் அனுப்பச் சொன்னேன், ஏனென்றால் எனக்கு வேண்டியது தோல் அன்று, செவுள்.

புள்ளியை எண்ணுவதைவிட மூச்சை எண்ணுவது பயன் தரும் என்பதை நான் கற்ற விதம் இது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பவுடர் ப்ளூ டேங்கைத் தனித்தொட்டியில் வைக்காமல் நேரே பெரிய தொட்டியில் விட்டேன். ஐந்தாம் நாள் மாலை அது அலை இயந்திரத்தின் வாய்க்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, நீரோட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நின்று நீந்தியது. புது வீட்டில் உற்சாகமாக விளையாடுகிறது என்று நினைத்து மகிழ்ந்தேன். அது மூச்சுக்குத் திணறியிருக்கிறது. வேகமாக ஓடும் நீரைச் செவுளுக்குள் வாங்கிக்கொள்ள அங்கே போய் நின்றிருக்கிறது. மறுநாள் விளக்கு எரிந்தபோது கல்லிடுக்கில் ஒளிந்தது, உணவுக்கு வரவில்லை. டார்ச்சைத் தொட்டியின் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோது முதுகின் மேல் மிக மெல்லிய மஞ்சள் தூசி தெரிந்தது. அப்போதும் வெண்புள்ளி என்றே முடிவு செய்து, நீரின் உப்பைக் குறைக்கத் தொடங்கினேன். மூன்று நாளில் ஐந்து மீன்கள் இறந்தன. எஞ்சியது ஒரு பிளென்னி மட்டுமே.

வெல்வெட் முதலில் செவுளில்தான் குடியேறுகிறது, தோலில் தூசி தெரியும்போது பாதிக் காலம் கடந்துவிட்டிருக்கும். அதன் ஓர் உறையிலிருந்து 256 வரை குஞ்சுகள் வெளியேறுகின்றன. வெதுவெதுப்பான நீரில் ஒரு சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். ஆயிரத்துக்கு 3 பங்கு உப்பு முதல் 45 பங்கு உப்பு வரை தாங்கக்கூடிய உயிரியை உப்பைக் குறைத்துக் கொல்ல முயன்றேன் என்பதைப் பிறகுதான் படித்தறிந்தேன்.

மூச்சை எண்ணுவது எளிது. மீன் அமைதியாக இருக்கும் நேரத்தில், கடிகாரத்தைப் பார்த்து 20 விநாடிக்குச் செவுள்மூடி எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணி மூன்றால் பெருக்க வேண்டும். என்னிடம் இருந்த டேங்குகள் நலமாக இருக்கையில் நிமிடத்துக்கு 80ஐ ஒட்டி மூச்சு வாங்கின. அந்தப் பவுடர் ப்ளூ கடைசி நாளில் 140ஐத் தாண்டியிருந்தது. வெறும் எண்ணிக்கையைவிட அந்த மீனின் வழக்கமான எண்ணிக்கையோடு ஒப்பிடுவதே முக்கியம். ஆகவே நோய் வருவதற்கு முன்பே எண்ணி எழுதி வைக்க வேண்டும். நோய் வந்தபின் எண்ணத் தொடங்குபவருக்கு ஒப்பிட ஒன்றும் இருக்காது.

ஜூன் 7

அசையும் படத்தில் எண்ணினேன்: 84. நல்லது. வெல்வெட் இல்லை என்றே நினைக்கிறேன், உறுதியாகச் சொல்லவில்லை.

ஜூன் 12

நேற்றிரவு புள்ளிகள் திரும்பிவிட்டன என்று எழுதியிருக்கிறார். முன்பு பதினைந்து இருந்த இடத்தில் இப்போது எண்ணி மாளவில்லையாம். "உங்கள் வாய் பலித்துவிட்டது" என்று கோபமாகவும் ஒரு வரி. என் வாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை, மணலுக்கே தொடர்பு.

இனி எல்லா மீன்களையும் வெளியே எடுத்துத் தனித்தொட்டியில் வைத்தே மருத்துவம் செய்ய வேண்டும். புள்ளி உள்ள மீனை மட்டும் எடுத்தால் போதாது, புள்ளியில்லாத மீனின் செவுளிலும் இரண்டு மூன்று இருக்கக்கூடும். பெரிய தொட்டியில் மீனே இல்லாமல் 76 நாள் விட வேண்டும். பதிவாகியுள்ள மிக நீண்ட உறைக்காலம் 72 நாள். அதன்மேல் நான்கு நாள் கையிருப்பு. பெரும்பாலான உறைகள் நான்கு வாரத்துக்குள் திறந்துவிடுகின்றன என்பது உண்மையே, ஆனால் எஞ்சியிருக்கும் ஒன்று போதும். வெளியேறிய குஞ்சுகளுக்கு மீன் கிடைக்காவிட்டால் ஓரிரு நாளில் மாண்டுவிடும். பவளங்களும் இறால்களும் நத்தைகளும் அங்கேயே இருக்கலாம், அவற்றில் இந்த உயிரி வாழ்வதில்லை.

தனித்தொட்டியில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது காப்பர். இரண்டாவது தொட்டி மாற்றும் முறை: 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனை முற்றிலும் புதிய நீரும் உலர்ந்த கருவிகளும் உள்ள தொட்டிக்கு மாற்றி, நான்கு மாற்றங்களில் முடிப்பது. மீனை விட்டு இறங்கிய உயிரி உறைக்குள் வளர்ந்து குஞ்சு பொரிக்கும் முன்பே மீன் வேறு தொட்டிக்குப் போய்விடுவதால் அது திரும்ப ஏற முடியாது. மருந்தே இல்லாத முறை, ஆனால் வெண்புள்ளிக்கு மட்டுமே பொருந்தும். மூன்றாவது உப்பைக் குறைத்து ஒப்படர்த்தியை (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தியை) 1.009இல் நிறுத்துவது. 1.011இல் நின்றால் மீனும் பிழைக்கும், நோயும் பிழைக்கும். உப்பை அளக்கும் ஒளிமுறிவுமானியை ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள அளவுத் திரவத்தால் சரிபார்க்காதவர்கள் இதில் இறங்கவே கூடாது. இந்தச் செறிவையும் தாங்கும் வகைகள் பதிவாகியிருப்பதால் நான் இந்த வழியைக் கைவிட்டு நெடுநாள் ஆயிற்று.

வெல்வெட் இல்லை என்று எனக்கே முழு உறுதி இல்லாததால், வெண்புள்ளி, வெல்வெட் இரண்டையும் கொல்லும் காப்பரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதிப் பெரிய தொட்டியின் கண்ணாடியில் ஒட்டிவிடவும் சொன்னேன். 76 நாள் என்பது மனத்துக்குள் எப்போதும் 50 நாளாகச் சுருங்கிவிடும்.

ஜூன் 13

காப்பரைப் பற்றி விரிவாகக் கேட்டிருக்கிறார்கள். கடைகளில் கிடைப்பது இரண்டு வகை. அயனிக் காப்பர் என்றால் 0.15 முதல் 0.20 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை. வேறொரு சேர்மத்தோடு பிணைத்த செலேட்டட் காப்பர் என்றால் 2.0 முதல் 2.5 பிபிஎம் வரை. ஒன்றின் அளவை மற்றொன்றுக்கு எடுத்துக்கொண்டால் ஒரு பக்கம் மருந்து வேலை செய்யாது, மறுபக்கம் மீன் இறக்கும். குப்பியின் மேல் எந்த வகை என்று தெளிவாக இல்லாவிட்டால் அதைத் திறக்க வேண்டாம். சோதனைக் கருவியும் அந்த வகையைக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். நிறத்தைக் கண்ணால் ஒப்பிடுவதைவிட எண்ணாகக் காட்டும் மின்னணுக் கருவி நம்பகமானது. அளவை இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றி, எட்டிய நாளிலிருந்து 30 நாள் குறையாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு நாள் கீழே இறங்கினாலும் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வழக்கம். காப்பர் தோலுக்குள் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் தொடாது. நீந்தி வரும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும் என்பதால்தான் இத்தனை நாள்.

என் முதல் காப்பர் தொட்டியில் நான் செய்த தவறு: நன்மை செய்யும் பாக்டீரியா வேண்டுமே என்று பெரிய தொட்டியிலிருந்து இரண்டு லைவ் ராக் (பாக்டீரியா குடியேறிய சுண்ணாம்புக் கல்) துண்டுகளை உள்ளே வைத்தேன். மாலையில் 2.2 ஆக இருந்த காப்பர் காலையில் 1.4 ஆக இருக்கும். ஊற்றுவேன்; மறுநாளும் இறங்கியிருக்கும். சுண்ணாம்புக் கல் காப்பரை உறிஞ்சிக்கொள்கிறது என்று தெரியாமல், கருவி பழுது என்று நினைத்து இன்னொரு கருவி வாங்கினேன். அந்தக் கற்களை வெளியே எடுத்து, கழுவி, பாழாக்க மனமின்றி வைத்திருந்தேன். பிறகு அவற்றைப் போட்ட சிறு தொட்டியில் நத்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக மல்லாந்தன. தனித்தொட்டியில் மணலும் வேண்டாம், கல்லும் வேண்டாம். ஒளிந்துகொள்ளப் பிவிசி குழாய்த் துண்டுகளும், பல வாரம் ஊறிப் பாக்டீரியா பிடித்த ஸ்பாஞ்ச் ஃபில்டரும், ஹீட்டரும், ஏர் ஸ்டோனும் போதும். அமோனியா ஏறினால் அதைக் கட்டும் திரவத்தைக் கலந்து சமாளிக்கலாம். (இந்தக் கடைசி வாக்கியம் தவறு. 16ஆம் தேதிக் குறிப்பைப் பார்க்கவும்.)

ஜூன் 15

வேறொருவரின் கோமாளி மீன்கள். வாங்கி மூன்றாம் நாள், உடலிலிருந்து வெள்ளைக் கோழை நூல் நூலாகத் தொங்குகிறது, நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. "காப்பர் ஊற்றி இரண்டு நாளாயிற்று, மாற்றமில்லை" என்கிறார். இருக்காது. இது புரூக்லினெல்லா ஹோஸ்டிலிஸ் என்றே படுகிறது; அது மீனின் மேலேயே இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகுவதால், உறை விட்டு வரும் குஞ்சுக்காகக் காப்பரோடு காத்திருக்கும் உத்தி இங்கே செல்லாது. தொட்டி மாற்றும் முறையும் செல்லாது. இதற்கு ஃபார்மலின் குளியல்தான் வழி: 10 லிட்டர் நீருக்கு 1.5 முதல் 2.5 மில்லி, 30 முதல் 60 நிமிடம், காற்றுக் குமிழிகள் கொதிப்பதுபோல் வந்துகொண்டே இருக்க வேண்டும், ஏனெனில் ஃபார்மலின் நீரிலுள்ள ஆக்சிஜனையும் குறைத்துவிடும். குளியல் முடிந்ததும் மீன் பழைய தொட்டிக்குத் திரும்பாமல் புதிய நீருக்குப் போக வேண்டும்.

குப்பியின் அடியில் வெள்ளைப் படிவு தெரிந்தால் அந்த ஃபார்மலினைத் தொடவே வேண்டாம். படிந்திருப்பது பாராஃபார்மால்டிஹைடு, மீனுக்குக் கொடிய நஞ்சு. மனிதருக்கும் ஃபார்மலின் புற்றுநோய்க் காரணி என்பதால் கையுறை அணிந்து, சன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும்.

ஜூன் 16

13ஆம் தேதி நான் எழுதிய அமோனியா வாக்கியத்தை ஒருவர் சுட்டிக்காட்டினார். அவர் சொல்வதே சரி. அமோனியாவைக் கட்டும் திரவங்களில் பல, காப்பரை ஒடுக்கி மீனுக்கு இன்னும் நச்சான வடிவத்துக்கு மாற்றிவிடக்கூடியவை. காப்பர் இருக்கும் நீரில் அவற்றைக் கலக்கக் கூடாது. அமோனியா ஏறினால், அதே அளவு காப்பரை முன்கூட்டியே கலந்து வைத்த புதிய உப்புநீரைக் கொண்டு நீரை மாற்றுவதே பாதுகாப்பு. அந்தக் கட்டும் திரவத்தை நானே ஒருமுறை ஊற்றி, மீன்கள் அன்றிரவே இறந்ததற்குக் காப்பரின் மேல் பழிபோட்டிருந்தேன் என்பது இன்று இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

குளோரோகுயின் பாஸ்பேட் என்ற மருந்தைப் பற்றியும் கேட்டார்கள். லிட்டருக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற அளவில் வெல்வெட்டுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் தொட்டிநீரில் அதன் அளவைச் சோதிக்க வீட்டில் வழியில்லை, தூய்மையையும் அறிய முடியாது. 2020 மார்ச்சில் அரிசோனாவில் மீன்தொட்டிக்கென்று இருந்த இதே பொருளை விழுங்கி ஒருவர் இறந்தார். மீன் மருந்துகளைச் சமையலறை அலமாரியில் வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஜூன் 22

டேங் காப்பரில் நன்றாக இருக்கிறது, புள்ளிகள் இல்லை. ஆனால் உடலைக் குழாயில் தேய்க்கிறது, ஒரு கண் மங்கலாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். காப்பர் போதவில்லையோ என்று அளவை ஏற்றப் போனவரை நிறுத்தினேன். தட்டைப்புழுக்களாக இருக்கலாம், நியோபெனடீனியா போன்றவை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல் கொண்டவை என்பதால் மீனின் மேல் இருக்கும்போது கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

அறிவதற்கு நன்னீர்க் குளியலே சிறந்த வழி. தனித்தொட்டியின் வெப்பநிலைக்கும் பிஎச் அளவுக்கும் சமமாக்கி, காற்று ஓட்டிய நன்னீரில் மீனை 5 நிமிடம் வைக்க வேண்டும். வெள்ளைப் பாத்திரம் வேண்டாம், கறுப்புப் பாத்திரம் எடுத்துக்கொள்ளவும். நான் முதன்முறை செய்தபோது இரண்டாம் நிமிடம் வரை ஒன்றுமே தெரியவில்லை. பிறகு மீனின் நெற்றியில் இல்லாத ஒன்று முளைத்ததுபோல் வெண்மையாகத் திரண்டது, எள்ளைத் தட்டி நசுக்கியது போன்ற வடிவம். அது கழன்று ஊசலாடி அடியில் போய்ப் படிந்தது. அதன்பின் விலாவிலிருந்து, கண்ணின் மேலிருந்து என்று ஒவ்வொன்றாக. ஐந்தாம் நிமிடத்தில் கறுப்பு அடித்தளத்தில் பதினேழு எண்ணினேன். நன்னீரில் அந்தப் புழுக்களின் உடல் வெளுத்துவிடுகிறது. குளியலின் முதல் நிமிடத்தில் மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பது அச்சமூட்டும். பெரும்பாலும் எழுந்துவிடும், எழாவிட்டால் உடனே திருப்பி விட வேண்டும்.

மருந்து பிராசிகுவாண்டல், லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், ஒரு வாரத்துக்குள் மறுமுறை. முட்டைகளை அது கொல்லாது. முட்டை பொரிந்து அடுத்த தலைமுறை முட்டையிடும் முன்பே இரண்டாம் முறை கொடுக்க வேண்டும். ஒரே நீரில் பலமுறை கொடுத்தால் அங்குள்ள பாக்டீரியாக்கள் மருந்தைத் தின்னப் பழகிவிடுவதும் உண்டு.

முதல் நாளின் கேள்விக்கு இங்கே ஒரு துணைப் பதிலும் கிடைக்கிறது: வெண்புள்ளிக்கு நன்னீர்க் குளியல் உதவாது, ஏனெனில் அது மேல்தோலின் அடியில் பாதுகாப்பாக இருக்கிறது.

ஜூன் 23

குளித்ததாம். ஒன்பது புழுக்கள். கறுப்புப் பாத்திரம் இல்லாததால் அடுப்பில் வைக்கும் இரும்புச் சட்டியில் செய்தாராம். காப்பர் தொட்டியில் இருந்த மீனை வறுவல் சட்டியில் பார்த்த வீட்டார் என்ன சொன்னார்கள் என்று அவர் எழுதவில்லை.

ஜூன் 24

லிம்போசிஸ்டிஸ் முண்டுகளைச் சுரண்டி எடுக்கலாமா என்று ஒரு கேள்வி. வேண்டாம். வைரஸ் புகுந்த ஒரே செல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வீங்குவதே அந்த முண்டு. நல்ல உணவும் அமைதியும் கிடைத்தால் வாரங்களில் தானே உதிரும். மருந்தில்லாத நோய்க்கு மருந்து கொடுத்தே மீனைக் கொன்றவர்கள் உண்டு.

கையில் காயத்தோடு தொட்டிக்குள் கைவிடுபவர்கள் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற பெயரையும் தெரிந்துகொள்ளட்டும். விரலில் ஆறாத கட்டி வந்து மருத்துவரிடம் போனால், மீன்தொட்டி இருக்கிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஜூலை 9

பூண்டைப் பற்றி நான் முதல் இரவு எழுதியதில் ஏளனம் இருந்தது. அதில் ஒரு சிறு திருத்தம். உணவைத் தொடாத மீன் பூண்டு மணத்துக்கு வாய் திறப்பதை நானே கண்டிருக்கிறேன். உண்ண வைக்கும் பொருளாக அதை வைத்துக்கொள்ளலாம்.

"ஒன்றுமே செய்யாமல் விட்டேன், நோய் போய்விட்டது" என்பவர்கள் எல்லாரும் பொய் சொல்வதில்லை என்பதும் இன்னொரு திருத்தம். வெண்புள்ளியிலிருந்து பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் வருகிறது. மடவை மீன்களில் செய்த சோதனைகளில் அது ஆறு மாதம் வரை நீடித்தது. அத்தகைய தொட்டியில் நோய் புள்ளியாக வெளிப்படாமல் செவுளில் சிறு எண்ணிக்கையில் சுற்றிக்கொண்டே இருக்கக்கூடும். அந்த எதிர்ப்பாற்றல் இல்லாத புது மீன் வந்து சேரும் நாளில் எல்லாம் வெளிவரும், பழியும் புது மீன் மேல் விழும்.

ஜூலை 14

காப்பர் 30 நாள் இன்று முடிந்தது. நீரை மாற்றி, எஞ்சியதை ஆக்டிவேட்டட் கார்பனால் எடுக்கப் போகிறார். கார்பனைத் தூசி போகக் கழுவச் சொன்னேன். டேங்குகளின் முகத்திலும் பக்கக்கோட்டிலும் (விலாவில் ஓடும் உணர்வுக் கோட்டிலும்) தோல் அரித்துப் பள்ளமாகும் நோய்க்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டு வந்தன. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) கார்பன் பயன்படுத்திய தொட்டிகளில் இருந்த, டேங்குகளின் இனமான சர்ஜன் மீன்களுக்கு அந்த அரிப்பு உண்டானது. ஆகவே கார்பனைச் சில நாள் மட்டும் வைத்துவிட்டு எடுத்துவிட வேண்டும்.

மீன் குணமாகிவிட்டதே, இப்போதே பெரிய தொட்டியில் விடலாமா என்று கேட்டார். தாளில் உள்ள தேதியைப் படிக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 27

76ஆம் நாள். மீன்கள் இன்று காலை விளக்கு எரிவதற்கு முன் பெரிய தொட்டிக்குத் திரும்பின. டேங் ஒரு மணி நேரம் கல்லுக்குப் பின்னால் இருந்துவிட்டு, பிறகு வந்து கண்ணாடியில் வளர்ந்திருந்த பாசியை மேயத் தொடங்கியதாம். வால் அருகே ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது என்று பதறிப் படம் அனுப்பினார். நான் பதில் எழுதுவதற்குள் அதுவே உதிர்ந்துவிட்டது; மணல். மூச்சு 20 விநாடிக்கு 27, அதாவது 81. எண்ணியவர் அவரே.